மூன்றாவது டீ

இரண்டு வாரம் முன்பு, செவ்வாய், காலை 11.14. என் நோட்டில் மூன்றாவது முறையாக ‘டீ’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

குடித்தது நான் இல்லை. குடும்ப ஆலோசகர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி கொடுப்பது என் வேலை. அவர்கள் ஒரு குடும்பத்தோடு வீடியோவில் பேசும்போது, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு நானும் ஓர் ஓரத்தில் இருப்பேன் — கேமரா, மைக் இரண்டையும் அணைத்துவிட்டு. வாயைத் திறக்கமாட்டேன். குறிப்பெடுப்பேன்.

அன்று பேசியவர் என்னிடம் பயிற்சி பெறும் பெருந்துறை ரேவதி. எதிரே தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பதி. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) கல்யாணமாகிப் பதினோரு வருடம். மனைவி பிறந்த வீட்டுக்குக் கிளம்பப் பெட்டி கட்டிவிட்டார்.

“உங்களுக்கு என்னங்க்கா வருத்தம்?” என்று ரேவதி கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்துவிடுவார். “இருங்க கண்ணு, அவருக்கு டீ வெச்சுப்போட்டு வாரேன்.”

“சரிங்க்கா, மெதுவா வாங்க” என்பார் ரேவதி. உடனே கணவர், “அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, சும்மா கோவம்” என்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

கடைசியில் கணவரே சொல்லிவிட்டார். “அடுத்த வாரம் ஒருக்கா வாரோமுங்க. அதோட போதும்.”

அவர்கள் போனதும் ரேவதியிடம் கேட்டேன். “ஏன் போகவிட்டீங்க?”

“டீ வெக்கப் போறவங்கள எப்படிங்க மேடம் நிறுத்தறது? மரியாதையா இருக்காதுங்களே!”

“10.41, 10.58, 11.14. மூணும் நீங்க அந்தக் கேள்வியக் கேட்ட அடுத்த நிமிஷம்.”

ரேவதி மூன்று நேரங்களையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“பாத்துக்கறனுங்க மேடம்” என்றார். அந்தக் குரலில் தயக்கம் இல்லை.

அடுத்த செவ்வாய், 10.37. அதே கேள்வி. மனைவி எழுந்தார். ‘நிறுத்துங்க’ என்று ரேவதிக்கு மட்டும் டைப் செய்தேன். அனுப்புவதற்குள்...

“ஏனுங்ணா, இன்னைக்கு டீ நீங்க வைங்களே. அக்கா எங்கூட இருக்கட்டும்.”

“நானுங்களா?”

“தோப்புல மோட்டாரையே கழட்டி மாட்டறீங்களாம். டீ வராதுங்களா?”

சிரித்துக்கொண்டே போனார். பாதி எழுந்திருந்த மனைவி உட்கார்ந்தார். அரை நிமிடம் பேச்சே இல்லை. ரேவதியும் பேசவில்லை... எங்கள் தொழிலில் இதைவிடக் கஷ்டமான காரியம் உண்டா? டைப் செய்ததை அழித்தேன்.

“மாடியில ஒரு ரூம் கட்டுனாருங்க கண்ணு. எனக்குத் தையல் மிசின் போட. இப்ப அதுல உரமூட்டை கெடக்குது. நாலு வருசமாச்சு. கேட்டாச் சண்டை வருமுன்னு கேக்கவே இல்லீங்க.”

உள்ளிருந்து குரல். “அம்மணி, சக்கரை எங்க இருக்குது?”

நான் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்துவிடுவாரோ?

எழவில்லை. “அங்கதான் இருக்குது. தேடுங்க” என்றார்.

பிறகு திரும்பி, மிச்சத்தையும் சொன்னார்.

கணவர் இரண்டு டம்ளரோடு வந்தார். உரமூட்டைப் பேச்சு உள்ளே அவர் காதிலும் விழுந்திருக்கிறது. “உரமூட்டைக்கா பொட்டி கட்டுன?”

“அதுக்கு மட்டும் இல்லீங்ணா. உக்காருங்க, அக்கா சொல்லட்டும்” என்றார் ரேவதி.

உட்கார்ந்தார். கேட்டார். முதல்முறையாக, குறுக்கே பேசாமல்.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லையாம். ஆனால் அடுத்த செவ்வாய்க்கும் நேரம் கேட்டிருக்கிறார்கள் — கேட்டவர் கணவர்.

அன்று சர்க்கரை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. இருவரும் அப்படியே குடித்தார்கள்!