இரண்டாம் கியரில் இறங்கிய பரீட்சை

மலைச்சாலை லாரிகளின் கதையைச் சொல்பவர்கள் டிரைவரைச் சொல்வார்கள், கிளீனரைச் சொல்வார்கள், முன்சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தையும் விடாமல் சொல்வார்கள். லைசென்ஸ் பரீட்சைக்கு வந்து வரிசையில் நின்ற பெண்ணை மட்டும் சொல்லமாட்டார்கள். அந்தப் பெண் நான். சென்னையில் பி.ஏ. தேறிய காலத்தில், பரீட்சை வைப்பவருக்கும் அந்தப் பாடம் தெரிந்திருக்கும் என்று நம்பினேன். அதே நம்பிக்கையை நீங்களும் ஏதோ ஓர் அலுவலக வாசலில் தொலைத்திருப்பீர்கள். ஆகவே உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை.

யுத்தம் வந்ததும் என் கணவர் பட்டாளத்து லாரி ஓட்டப் போய்விட்டார். கொடைக்கானல் பஜாரில் எங்கள் காய்கறி மண்டியும், அதன் பின்புறம் எங்கள் லாரியும் எனக்கு மிஞ்சின. கூலிக்கு அமர்த்திய டிரைவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டாளத்துக்குப் போனார்கள். உருளைக்கிழங்குப் பருவம் முடிவதற்குள் லைசென்ஸ் உள்ள டிரைவர் ஒருவரைக் காட்டாவிட்டால் லாரியின் பர்மிட் வேறொருவருக்குப் போய்விடும் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். மலையில் எஞ்சியிருந்த ஆண்களில் ஓட்டத் தெரிந்தவருக்குச் சொந்த லாரி இருந்தது. லாரி இல்லாதவருக்கு ஓட்டத் தெரியவில்லை. ஆகவே நானே டிரைவராவது என்று தீர்மானித்தேன்.

இறக்கத்தில் எஞ்சின் எதற்கு?

எனக்குக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டவர் பக்கத்துக் கடை ராவுத்தர். தம் லாரியைத் தாமே ஓட்டுகிறவர். நான் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கதவைப் பற்றிக்கொள்வார். அந்த நிலையிலிருந்தே பாடம் நடக்கும். ஏற்றத்தில் அவர் சொன்ன எதையும் நான் குறைகூற மாட்டேன். இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலில் தள்ளி எஞ்சினை அணைக்கச் சொல்வார். பெட்ரோல் ரேஷனில் கிடைத்த காலம். மலையில் ஓடிய லாரிகள் அனைத்தும் இவ்விதமே, உருட்டிவிட்ட பாறையைப்போல், பிரேக் கருகும் நாற்றத்தோடு கீழே போய்க்கொண்டிருந்தன.

எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று பரீட்சைப் புத்தகம் கூறுவதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முதன்முறையாகக் கண்ணைத் திறந்தார். "அது பரீட்சைல சொல்றதுக்கு, தங்கச்சி. புஸ்தகம் எழுதுனவன் பெட்ரோலுக்கு வரிசைல நின்னிருக்க மாட்டான்."

கணவரின் சம்மதம்

பரீட்சை நடத்தும் இன்ஸ்பெக்டர் மாதத்துக்கு ஒருமுறை சமவெளியிலிருந்து மேலே வருவார். வந்தவுடன் குளிர் என்பார். குளிர் விட்டதும் டிபன் என்பார். டிபன் முடிந்ததும் கீழே போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். இவற்றுக்கிடையே ஒரு சிறு சந்து அகப்பட்டபோது நான் அவர் முன்னால் போய் நின்றேன். கணவர் நேரில் வந்து சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்றார். சட்டத்தின் எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். பிரிவு கிடக்கட்டும், கணவர் எங்கே என்றார்.

அவர் கடல் கடந்து பாலைவனத்தில் பட்டாளத்து லாரி ஓட்டுகிறார் என்றேன். இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "அடடே, லாரி ஓட்டத் தெரிஞ்சவரா? அப்ப என்ன கவலை? அவர் வந்ததும் கூட்டிட்டு வாங்க, அவருக்கே லைசென்ஸ் போட்டுக் குடுத்துடலாம்!"

சுருக்கமான விடை

மறுமாதம் அவர் சம்மத விஷயத்தை மறந்திருந்தார். நான் நினைவூட்டவில்லை. வாய்மொழிப் பரீட்சை நடந்தது. எனக்கு முன்னால் நின்றவர் பெருமாள்மலைப் பக்கத்து ஆள். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அந்த ஆள் இரு கைகளையும் கூப்பி, பழனியிருக்கும் திசையைப் பார்த்து, "முருகா!" என்றார். தேறிவிட்டார்.

அதே கேள்வி எனக்கும் வந்தது. கியரைக் குறைப்பேன், கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுப்பேன், அதற்கும் நிற்காவிட்டால் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரில் உரசி நிறுத்துவேன் என்று வரிசையாகச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். ஓட்டிக் காட்டும் பரீட்சையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தபடி தம் தீர்ப்பையும் வழங்கினார். "ரெண்டு பேர் சொன்னதும் சரிதாம்மா. ஆனா அவர் சொன்னது சுருக்கமா இருந்துச்சு."

முளைவிடும் கிழங்கு

அந்த அடுத்த மாதத்துக்குள் பருவம் தொடங்கிவிட்டது. மேல்மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து குதிரைப்பொதியில் கிழங்கு கொண்டுவரும் மாரியம்மாள் மண்டி வாசலில் மூட்டைகளை இறக்கிவைத்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் தேறினால் லாரி ஓடும். தவறினால் அவள் வேறு மண்டியைத் தேட வேண்டும். பஜார் முழுவதும் எனக்கு ஆறுதல் கூறத் தொடங்கியிருந்த சமயம் அது. தோற்பதற்கு முன்பே வரும் ஆறுதலைப்போல் எரிச்சலூட்டுவது வேறொன்றில்லை. அவள் ஆறுதல் கூறவில்லை.

"ஏத்தா, பாசானா என் சரக்கு ஒனக்குத்தேன். பெயிலானா வெள்ளனே சொல்லிரு. நீ பாட்டுக்கு அழுதுக்கிட்டுக் கெடந்தா என் கெழங்கு முளவிட்டுரும்."

கேட் மூடுவதற்கு முன்

எங்கள் மலைச்சாலையில் ஏறும் வண்டிகளுக்கு ஒரு நேரம், இறங்கும் வண்டிகளுக்கு ஒரு நேரம். இறங்கும் நேரம் முடிவதற்குள் அடிவாரத்துக் கேட்டைக் கடந்தாக வேண்டும். பரீட்சை நாளன்று இன்ஸ்பெக்டர் இரண்டாம் முறை காப்பி கேட்டதில் பஸ் போய்விட்டது. மாலை ரயிலைப் பிடித்தே தீர வேண்டும் என்று பதறினார். பிறகு, ஸ்டேஷன்வரை என் லாரியில் வருவதாகவும், அடிவாரம்வரை இறங்குவதையே பரீட்சையாக வைத்துக்கொள்வதாகவும் அறிவித்தார். கிளீனர் சின்னக்காளை பின்னால் ஏறிக்கொண்டார். செண்பகனூரைத் தாண்டியதும் நான் இரண்டாம் கியரைப் போட்டேன். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எஞ்சின ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல விடுங்கம்மா! இப்படி ஊர்ந்தா கேட்ட அடைச்சிடுவான்!" புத்தகம் அதைக் குற்றம் என்கிறதே என்றேன். "புத்தகமா ரயில் பிடிக்கப்போகுது?" என்றார். எங்களைத் தாண்டி உருண்டுபோன லாரிகளை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.

கேட் மூடும் தறுவாயில் அதைக் கடந்தோம். எங்களுக்குப் பின்னால் அது மூடப்பட்டது. "லாரி ஓட்டச் சொன்னா தேர் இழுக்கிறீங்க. நீங்க பெயில்," என்றார் இன்ஸ்பெக்டர். மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார்: "சரி சரி, வெரசா ஸ்டேஷனுக்கு விடுங்க." நான் எஞ்சினை அணைத்தேன். சின்னக்காளை இறங்கி, வழக்கப்படி பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். நானும் இறங்கிச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தேன். பரீட்சை முடிந்துவிட்டது, எனக்கு லைசென்ஸ் இல்லை, இனி ஒரு கஜம் ஓட்டினாலும் குற்றம், அதைப் பிடிக்க வேண்டியவரே வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று விளக்கினேன்.

அவர் மேலே பார்த்தார். கேட் மூடிவிட்டதால் இனி எந்த வண்டியும் இறங்கி வராது. எதிரே பார்த்தார், வந்த வண்டிகள் அனைத்தும் மலையேறப் போகிறவை. சின்னக்காளையைப் பார்த்தார். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க, கட்ட மட்டுந்தான் வைப்பேன்," என்றார் சின்னக்காளை. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, பேனாவை எடுத்து, என் லாரியின் மூக்கிலேயே தாளை வைத்து, நான் தேறிவிட்டதாக எழுதிக் கையெழுத்திட்டார். சின்னக்காளை கட்டையை எடுத்தார். சமவெளியில் நான் விட்ட வேகத்தில் ரயிலும் கிடைத்தது. ஸ்டேஷன் வாசலில் இறங்கியவர் என்னைத் திரும்பிப் பார்த்து மனத்தாங்கலோடு கேட்டார்: "ஏம்மா, இவ்வளவு சட்டம் பேசுவீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, மேலயே பாஸ் போட்டிருப்பேனே?"

பர்மிட் எங்களிடமே தங்கியது. அந்தப் பருவத்துக் கிழங்கு முழுவதையும் நானே இறக்கினேன். யுத்தம் முடிந்து திரும்பிய என் கணவர் மண்டியில் தராசு பிடிக்கிறார், நான் மலையிலேயே மிக மெதுவான டிரைவர் என்ற அவப்பெயரோடு இன்றுவரை லாரி ஓட்டுகிறேன்.