ரோஸ் ஜன்னலும் ஈய ஆபீசரும்

எங்கள் வீட்டு ஜன்னல்களில் பெயிண்ட் உரிந்து கிடக்கிறது என்று சொன்னதும், போனில் இருந்த நகர அலுவலகப் பெண்மணி "வொண்டர்ஃபுல்" என்றார். செதில் செதிலாக உரிகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பர்ஃபெக்ட்" என்றார். வீட்டைப் பற்றி இத்தனை கேவலமாகச் சொல்லி இத்தனை பாராட்டு வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. உற்சாகத்தில், மாடிப்படியில் மூன்றாவது படி ஆடுகிறது, கூரையிலும் ஒழுகுகிறது என்று கூடுதலாக அளந்துவிட்டேன். அதெல்லாம் வேறு துறை என்றார். கடைசியில், ஜன்னல் கட்டையில் பிள்ளை கடித்த தடம் ஏதும் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அதற்கு மட்டும் அவர் வொண்டர்ஃபுல் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி, பிள்ளைக்கு என்ன வயது என்றார்.

பொன்னிக்கு அப்போது இரண்டு வயது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஈயம் இருக்க வேண்டிய அளவைவிடக் கூடுதலாக இருந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு பழைய மில் ஊர். மில்கள் மூடிப் பல காலமாகிவிட்டது. அந்த மில் ஆட்களுக்குக் கட்டிய மர வீடுகள் இன்னும் நிற்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் ஒன்றை வாங்கினோம். ஏன் மலிவு என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருப்பார்கள். அது உரிந்து, தூளாகி, தரையில் படிந்து, தவழும் பிள்ளைகளின் கை வழியாக வயிற்றுக்குள் போகும். மூளை வளரும் வயதில் அது போகவே கூடாது. செல்வி, என் மனைவி, அதைப் படித்த நாளிலிருந்து ஈரத்துணியும் கையுமாகத்தான் அலைந்தாள். எல்லா ஜன்னலையும் மாற்ற எங்கள் சம்பளம் காணாது. அப்போதுதான் நகர நிர்வாகமே சிறு பிள்ளை இருக்கும் பழைய வீடுகளில் தன் செலவில், மானியமாக, ஈயப் பெயிண்டை எடுத்துக் கொடுக்கிறது என்று தெரிந்தது. ஆபீசர் ஒருவர் வந்து பார்த்து, ஆமாம், இந்த வீடு மோசம்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம்மூர்க்காரன் எவனும் தடுமாறிப்போவான். ஒருவர் வரும்போது வீடு மோசமாக இருக்க வேண்டும் என்பது நம் ரத்தத்திலேயே கிடையாது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர். தேரோடும் வீதியில் எங்கள் வீடு. ஆடிப்பூரத்துக்கு முன்னால் கதவுக்கு ஒரு பூச்சு, பொங்கலுக்கு ஒரு பூச்சு, நடுவில் ஒரு நல்லது கெட்டது வந்தால் அதற்கும் ஒரு பூச்சு. பழைய பூச்சைச் சுரண்டுகிற பேச்சே கிடையாது. எங்கள் வாசல் கதவு வருடா வருடம் தடித்து, ஒரு கட்டத்தில் நிலைக்குள் அடங்காமல், உதைத்துத்தான் சாத்த வேண்டியிருந்தது. செல்விக்கு ராஜபாளையம். அவள் அப்பா, அதாவது என் மாமனார், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வருகிறார்களே, குறை சொல்லிவிடுவார்களே என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டுத் தூண் முழுவதும் பச்சை எனாமல் அடித்து வைத்தார். நான் போனதும் போகாததுமாகத் தூணில் சாய்ந்தேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் என் முதுகு தெரியும் படம் ஒன்றுகூடக் கிடையாது. போட்டோக்காரர் பெரிய மனது பண்ணினார்.

மாமனார் சங்கரலிங்கம் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. பல ஊர் நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால், அவர் கார் வரும் தெருவின் இரண்டு ஓரத்திலும் கோடு பிடித்த மாதிரி பிளீச்சிங் பவுடர் போட வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதிகாரியின் கார் எந்தத் தெருவில் திரும்பும் என்பதை டிரைவருக்கு முன்னால் அவர் தெரிந்துகொள்வார் என்று செல்வி சொல்வாள். மாமியார் காலமான பிறகு, தனியாக இருக்கிறாரே என்று மூன்று மாதம் எங்களோடு இருக்க அழைத்து வந்தோம். வந்திறங்கியதும் இடிந்த மில் புகைபோக்கியைப் பார்த்து, "நம்மூரு மாதிரியேல்லா இருக்கு" என்று சந்தோஷப்பட்டார். ஈயத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் சிரித்தார். ஈயம் பூசிய பாத்திரத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம் என்றார். அது வெள்ளீயம், இது காரீயம் என்று செல்வி சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். "மாமா, நாளைக்குச் சிட்டி ஆபீசுல இருந்து இன்ஸ்பெக்‌ஷன்." சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். செல்வியும் பொன்னியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இன்ஸ்பெக்‌ஷன் என்ற சொல்லை ஓய்வுபெற்ற ஒரு சுகாதார ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு, அவரை நாள் முழுவதும் தனியாக விட்டுவிட்டுப் போகிற கூறுகெட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது தெருவில் இரண்டு பேர் நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்க ஜன்னல் அத்தனையும் ரோஸ் நிறத்தில் மின்னின. பொன்னி அறைக்கென்று வாங்கி வைத்திருந்த டப்பா அது. மாமனார் என் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, காதெல்லாம் ரோஸாக, வாசற்படியில் நின்றார்.

"எப்பிடி இருக்கு மாப்ள? ஆபீசரு வாராருன்னு சொன்னீங்க. வீடு இப்பிடிக் கேவலமாக் கெடந்தா நம்மள என்ன நெனப்பாரு? அம்புட்டயும் உள்ளயும் வெளியிலயும் உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சுவிட்டு அடிச்சிருக்கேன். ஒரு செதிலு இருக்கான்னு பாருங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரை நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை அழகு. அதற்குள் பொன்னி ஓடிப்போய் ஈர ஜன்னலில் இரண்டு கையையும் வைத்து, அதை அப்படியே தன் வயிற்றில் துடைத்தாள். திரும்பிச் செல்வியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. உரிந்த பெயிண்ட் போச்சு, மானியமும் போச்சு. உடனே என் மூளை வேலை செய்தது. கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, காய்ந்தும் காயாமலும் இருந்த ரோஸ் பெயிண்டை அங்கங்கே சுரண்டி, பழசு மாதிரி ஆக்க ஆரம்பித்தேன். மாமனாருக்குத் தாங்கவில்லை. நான் ஒரு பக்கம் சுரண்டச் சுரண்ட, அவர் பின்னாலேயே பிரஷ்ஷோடு வந்து பூசினார். இரண்டு ஜன்னல் தூரம் இப்படியே போனோம்.

செல்வி கத்தினாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க! மானியத்த விடுங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்சாராம்ல, அந்தத் தூளு எங்க போச்சு?"

தூள் எங்கேயும் போகவில்லை. ஜன்னல் ஓரம், சோபா, பொன்னியின் பொம்மைக் கூடை என்று எல்லா இடத்திலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, உடுத்திய துணியோடு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். மாமனார், தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கிச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டேரில் என்ற ஆபீசர் வந்தார். ஆறடி உயரம், கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில், தட்டில் காப்பியும் சேவும் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். இந்த அறையில் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று டேரில் பணிவாக மறுத்தார். "காப்பி வேண்டாங்கற ஆபீசரு ஆபத்தான ஆளு மாப்ள" என்று மாமனார் என் காதில் சொன்னார். டேரில் துப்பாக்கியை ரோஸ் ஜன்னலில் வைத்து அழுத்தினார். அது ஒரு சத்தம் போட்டது. அவர் உதட்டைப் பிதுக்கினார். மேலே எத்தனை பூசினாலும் அடியில் இருக்கும் ஈயத்தை அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கரண்டியோடு பட்ட பாடெல்லாம் வீண்.

பிறகு டேரில் தரையைப் பார்த்தார். ஜன்னல் கட்டையைத் தடவாமல் குனிந்து பார்த்தார். இதைத் தேய்த்தது யார் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமனார் ஒரு அடி முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "மீ சார். ஆல் விண்டோ. ஒன் டே" என்றார். ஒரே நாளில் முடித்ததற்குப் பாராட்டு வரும் என்று நினைத்துவிட்டார். டேரில் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். தோழி வீட்டில் என்றேன். அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தூளின் புண்ணியத்தில் எங்கள் வீடு அவசரப் பட்டியலில் முதலில் வந்தது. மானியம் கிடைத்தது. நகரமே எங்களை ஒரு விடுதியில் தங்க வைத்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டியவர்கள் வந்து, வீட்டுக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, ஜன்னல்களைக் கழற்றிப் பொட்டலம் கட்டி எடுத்துப் போனார்கள். மாமனார் தினமும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அதைப் பார்த்தார். எதற்காக இத்தனை பாடு என்று கடைசியில் நான்தான் சொன்னேன். அவர் பொட்டலமாகப் போகிற ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் பிள்ள வெளயாடுற எடத்துல வெசத்தத் தூவிட்டேனா மாப்ள?"

ஊர் ஊராகப் போய், கொசுவுக்கும் குப்பைக்கும் முன்னால் நின்று, பிறத்தியார் பிள்ளைகளுக்கு நோய் வராமல் பார்த்த மனுஷன். எனக்கு அழுகை வந்தது. இல்லை மாமா என்று சொன்னால் நம்ப மாட்டார். பொன்னிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை அவர் விடுதியில் டிவிகூடப் போடவில்லை. நான் வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம், "ரிசல்ட்டு வந்துருச்சா?" என்றுதான் கேட்பார். வந்தது. அளவு கூடவில்லை. பொறுத்துப் பார்த்தால் இனிக் குறையும் என்றார் டாக்டர். அப்படியே குறைந்தும் வந்தது. முடிவு வந்த அன்றைக்கே மாமனார் டேரிலைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே ஏதேதோ சொன்னார். டேரில் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசினார்கள். சுகாதாரத் துறைக்காரர்களுக்கு மொழி தடையில்லை போலும்.

அதன் பிறகு ஊருக்குப் போக எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ராஜபாளையத்தில் போய் இறங்கினோம். தெருவில் எல்லா வீட்டுக் கதவும் புதுப் பெயிண்டில் மின்ன, மாமனார் வீடு மட்டும் பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்தது. ஜன்னல், கதவு நிலை, தூண் எல்லாவற்றையும் தாளால் சுற்றி, ஓரத்தில் டேப் ஒட்டியிருந்தார். உள்ளே காற்று நுழைய வழியில்லை. மூன்று மின்விசிறி ஓடியும் ஆவி பறந்தது. எதிர்வீட்டு அக்கா என்னிடம், "அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையாய்யா?" என்று ரகசியமாக விசாரித்தார்.

மாமனார் சொன்னார். "இப்ப வாற டப்பாவுல ஈயம் இல்லன்னு போட்டுருக்கான் மாப்ள. ஆனா அடியில கெடக்கது அம்புட்டும் நான் அடிச்ச பழசு. அதுல என்ன இருக்குன்னு யாரு கண்டா? துப்பாக்கி வச்சுப் பாக்க அந்த ஆபீசருக்கு நான் எங்க போவேன்?"

பொன்னிக்கு இப்போது மூன்றரை வயது. பழைய கதவு, பழைய ஜன்னல் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்த்த பிள்ளை. தாத்தா வீட்டின் நடுக்கூடத்தில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "தாத்தா, இங்க நான் எதத் தொடலாம்?"

மாமனார் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, நிஜமாகவே யோசித்தார். பிறகு கொல்லைக் குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"என்னயத் தொடலாம் தாயி."

பொன்னி என் பக்கம் திரும்பினாள். "ஈஸ் ஹி சேஃப், அப்பா?"

அவருக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். என் பதிலுக்காக அவரும் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பொன்னி ஒரு விரலால் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நான் பெட்டியைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் யாரோ கதவுக்கு எனாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ பொங்கல்களின் வாசனை அது. ஆசையாக உள்ளே இழுத்தேன். பாதி மூச்சில் நிறுத்திக்கொண்டேன்.