என் அண்ணன் ஆடிக்கொண்டிருந்தான்

அத்தாவைக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி, நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். நாலு மணி அசர் தொழுகைக்கு எடுத்துவிட வேண்டும் என்று ஜமாத்தில் சொல்லிவிட்டார்கள். மணி இரண்டு. யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே நான் செல்போனில் கேமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தகப்பன் மௌத்து வீட்டுல கேம் ஆடுது பாரு, பெத்த புள்ள!" என்றாள் மாமி.

அவளுக்கு என்ன தெரியும்? என் அண்ணன் ஜுல்பிகரைக் கூப்பிட எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

செல்லூரில் எங்கள் சந்துப் பெண்பிள்ளைகள் வீடியோ கேம் கடைக்குப் போக முடியாது. அதனால் அண்ணன் பழைய டிவி கேம் பெட்டி ஒன்றை எனக்காக வீட்டுக்கே கொண்டுவந்தான். எனக்கு ஏழு வயது, அவனுக்குப் பன்னிரண்டு. நான் குழியில் விழுந்து செத்தால் தலையில் ஒரு குட்டு விழும். "தாண்டுடின்னா தாண்ட மாட்ட, எரும!" என்பான். பிறகு தன்னிடம் மிச்சமிருக்கும் உயிரில் ஒன்றை எனக்குத் தருவான். வேறு யாரும் எனக்கு எதையும் அப்படி விட்டுக்கொடுத்ததில்லை.

வளர்ந்ததும் அத்தாவோடு விசைத்தறியில் நின்றான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தறியைப் பார்க்காமல் செல்போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தான். இழை அறுந்தது தெரியாமலே தறி ஓடி, ஒரு கல்யாணச் சேலை பாழாய்ப் போனது. அத்தா அத்தனை பேர் முன்னால் அவனை அறைந்தார்.

"போடா! என் மய்யித்தக் கூட நீ பாக்கக் கூடாது!"

போய்விட்டான். நம்பரையும் மாற்றிவிட்டான்.

பத்தாம் நாள், கேமில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. 'சேர்ந்து ஆடலாம். வீட்டப் பத்திப் பேசுனா, எங்க இருக்கன்னு கேட்டா, இதயும் அழிச்சிருவேன்' என்று எழுதினான். அதோடு சாட், மைக், என் குரல் மூன்றையும் அணைத்துவிட்டான். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிஷம், ஒரு வார்த்தை பேசாமல் ஆடுவோம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. யாரோ பார்த்ததாகச் சொன்னதை நம்பி அத்தா மாதாமாதம் திருப்பூருக்குப் போய்க் கம்பெனி கம்பெனியாக அவனைத் தேடிவிட்டு வந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவன் கேமிலிருந்தும் போய்விடுவான், எனக்கு யாருமே இல்லாமல் போகும் என்று பயம். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டேகாலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. செல்போனோடு கொல்லைப்பக்கம் ஓடினேன். சேர்ந்தோம். "அண்ணே! அண்ணே!" என்று மைக்கில் கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவன் முன்னால் போய் அசையாமல் நின்றேன். எதிராளிகள் சுட்டார்கள், விழுந்தேன். அவன் வந்து எழுப்பிவிட்டான். மறுபடியும் நின்றேன். மூன்றாம் தடவை அவனுக்குப் பொறுக்கவில்லை. மைக்கையும் என் குரலையும் திறந்தான்.

"ஏ லூசு, கை ஒடிஞ்சா போச்சு? ஓடுடி!"

இரண்டு வருஷம் கழித்து அந்தக் குரல்.

"அத்தா மௌத்தாயிட்டாங்கண்ணே. காலைல. அசருக்கு எடுக்குறாங்க."

அவனும் துப்பாக்கியைக் கீழே போட்டான்.

"நான் பாக்கக் கூடாதுன்னாங்களே, அப்சானா..."

"உன்னத் தேடித் தேடித்தான செத்தாங்க! திருப்பூர்லருந்து எப்பண்ணே வந்து சேருவ? மணி ஆயிருச்சே!"

"திருப்பூரா? கோச்சடைலதான் இருக்கேன். வாரேன்."

கோச்சடை! ஆட்டோவில் அரை மணி நேரம்கூட ஆகாது. பாவி, இங்கேயா இருந்தான்? நான் ஒருநாளாவது கேட்டிருக்கக் கூடாதா?

மூன்று மணிக்குள் வந்துவிட்டான். முகத்துணியை விலக்கிக் காட்டினார்கள். அத்தாவின் கால்மாட்டில் விழுந்து கதறினான். கொல்லையிலிருந்து வந்த என் கையை அம்மா பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்கு யாருடா சொன்னா?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான்.

"இவன் இருக்கது ஒனக்கு எம்புட்டு நாளாடி தெரியும்?"

"ரெண்டு வருஷமாம்மா."

"போன வாரம்கூட உங்கத்தா கேட்டாங்களேடி. 'ஒங்கிட்டயாவது பேசுனானாம்மா'ன்னு கேட்டாங்களேடி!"

ஆமாம், கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன்.

அம்மா என் கையை விட்டுவிட்டாள். தூக்குவதற்கு ஆண்கள் உள்ளே வந்தார்கள்.