எருமைக்காக நான் போட்ட கூச்சல்

என் மகள் ஜெனி மூளைக்காய்ச்சலில் போன பிறகு நான் ஜெபம் செய்வதை நிறுத்திவிட்டேன். முடியவில்லை என்று சொன்னால் அது பொய். மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் முட்டி போட்டு அழுதேன், உபவாசம் இருந்தேன், சபையே கூடி ஜெபித்தது. எல்லாம் நடந்தும் பிள்ளை போய்விட்டாள். நாலு வயசு. சவப்பெட்டிக் கடையில் அளவு கேட்டபோது என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

துக்கம் கேட்க வந்த அக்காமார் “எல்லாம் அவர் சித்தம்மா லில்லி” என்றார்கள். “அப்படியா? அப்ப காபியும் அவர்கிட்டயே போய் வாங்கிக் குடிங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் தனியாக ஆராதனைக்குப் போவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை அது. மழை பொய்த்து, மேற்குத் தாம்பரத்தில் குழாயடிச் சண்டை நடக்காத நாள் இல்லை. என் வீட்டுக்காரர் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவருடைய மேனேஜர் கண்ணப்பன் சாருக்கு முடிச்சூர் தாண்டி, மண்ணிவாக்கம் போகிற வழியில் ஒரு தோட்டம் இருந்தது. சாருக்கு இருதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று அவரும் அவர் வீட்டம்மாவும் வேலூருக்குக் கிளம்பினார்கள். “திரும்பி வர்ற வரைக்கும் தோட்டத்து வீட்ல வந்து இருங்கப்பா. பூட்டிப் போட்டா ஜன்னலக் கூட கழட்டிட்டுப் போயிடுவான்” என்று சார் கேட்டுக்கொண்டார். இடம் மாறினால் நான் கொஞ்சம் எழுந்து நடமாடுவேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். போனோம்.

வீட்டைக் கூட்ட வேண்டும், கோழிக்குத் தீனி போட வேண்டும், தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட வேண்டும். எங்கள் வேலை அவ்வளவுதான். தோட்டத்தின் பின்கோடியில் மாட்டுக்கொட்டகை. அது கோவிந்தன் பொறுப்பு. பக்கத்துக் காலனிக்காரன், சாரிடம் ரொம்ப வருஷமாக மாடு பார்க்கிறவன். ஒரு கறவைப் பசு, அதன் கன்று, ஒரு எருமை. காலையில் பால் கறந்து எனக்கு ஒரு சொம்பு வைத்துவிட்டுப் போவான். நானும் அவனும் பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் பால் வரவில்லை. கோவிந்தன் மட்டும் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றான். கொட்டகைப் படலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

“யக்கா, மாட்டுக்கெல்லாம் கோமாரி கண்டுக்கிச்சி. ஆத்தா எறங்கிகீறா. நீங்க யாரும் உள்ள போவாதீங்கோ. நான் பின்பக்கமா வந்து பாத்துக்கிறேன். கத்துச்சின்னா கண்டுக்காதீங்கோ.”

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே போகக் கூடாது. மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண் வருகிற கோமாரியையும் எங்கள் பக்கத்தில் பலர் அப்படித்தான் நடத்துவார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்றாலும் சுற்றிலும் பார்த்து வளர்ந்த பழக்கம்தானே? “அவங்க நம்பிக்கை லில்லி. நாம நடுவுல போய் நின்னா வம்பாயிடும்” என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வேப்பிலை இருக்கிற வீட்டில் படுத்திருப்பவர் பக்கத்தில் எப்போதும் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள், விசிறிக்கொண்டோ இளநீர் கொடுத்துக்கொண்டோ. கொட்டகையிலும் அப்படி ஒருவன் இருக்கிறான் என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

மாடுகள் கத்தின. பகலெல்லாம் கத்தின. பசு கூப்பிடுகிற கத்தல் இல்லை அது, தொண்டை கிழிகிற கத்தல். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். பிறகு கத்தல் குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றது. “குணமாயிடுச்சு போல. ஸ்தோத்திரம்” என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் பகலில் துணி காயப்போட அந்தப் பக்கம் போனேன். காற்று திரும்பி வீசியது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? படலில் வேப்பிலை காய்ந்து சருகாகி, பாதி கீழே கொட்டிக் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலையை வாட விடவே மாட்டார்கள். பழசை எடுத்துப் புதுசு வைப்பார்கள். இங்கே மாற்ற ஆளில்லை. அப்படியென்றால் பார்க்கவும் ஆளில்லை. கையில் இருந்த ஈரத் துணியைப் போட்டுவிட்டுப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

கன்று செத்து நாளாகியிருந்தது. கட்டிய கயிற்றை இழுத்து இழுத்துத் தாயின் பக்கம் கழுத்தை நீட்டியபடியே செத்திருந்தது. பசு படுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஈ மொய்த்தது, நான் கிட்டப் போவதற்குள் ஒரு தடவை மூச்சை இழுத்தது. அதோடு சரி. தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியில் பாசி கூடக் காய்ந்து வெடித்திருந்தது. வாயெல்லாம் புண்ணான மாட்டுக்கு முன்னால் வறட்டு வைக்கோல் அப்படியே கிடந்தது. அதை எப்படி மெல்லும்?

எருமை மட்டும் உயிரோடு இருந்தது. பக்கவாட்டில் விழுந்து, வாயில் நுரை தள்ளி, கால் குளம்பில் புழு நெளிய, விலா எலும்பெல்லாம் தெரிய. என்னைப் பார்த்துக் கத்த முயற்சி பண்ணியது. சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

வீட்டுக்கு ஓடிக் குடத்தில் இருந்த தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் ஊற்றினேன். நாக்கை நீட்டி நக்கியது. இன்னொரு குடம். வீட்டில் இருந்தது அவ்வளவுதான். மோட்டாரைப் போட ஓடினேன். கரண்ட் இல்லை. கிணற்றில் தண்ணீர் எங்கேயோ அடியில் கிடந்தது, வாளிக் கயிறு எட்டவில்லை. என் வீட்டுக்காரர் கம்பெனியில். பக்கத்துத் தோட்டத்தில் ஆளே கிடையாது. திரும்பி வந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அதன் மூச்சு கொதித்தது.

ஜெனிக்கும் அப்படித்தான் கொதித்தது.

அப்போதுதான் கத்தினேன். ஜெபம் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். “எங்கே போனீர்? என் புள்ளையத்தான் விட்டீர், இந்த வாயில்லா ஜீவன் உமக்கு என்ன பண்ணுச்சு? காது இருக்கா இல்லையா உமக்கு? தண்ணி குடும்! இப்பவே குடும்! இதையும் சாக விட்டீர்னா உம்ம பேரை என் வாயால சொல்லவே மாட்டேன்!” தரையை அடித்துக்கொண்டு கத்தினேன். தொண்டை கம்மும்வரை கத்தினேன். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுக்குப் பிறகு நான் அவரிடம் பேசியது அன்றைக்குத்தான்.

தடதடவென்று கால் சத்தம் கேட்டது. கையில் இரும்புக் கம்பியோடு ஒரு ஆள் கொட்டகைக்குள் பாய்ந்து வந்தார். லுங்கி, வெள்ளைத் தாடி.

“இன்னாம்மா ஆச்சி? எவன் அடிக்கிறான்? எங்க அவன்?”

அவர் தண்ணி லாரி ஓட்டுகிற பாஷா பாய். மண்ணிவாக்கம் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் பிடித்துப் பல்லாவரம், குரோம்பேட்டை என்று கொண்டுபோய் ஊற்றுகிறவர். டயரில் காற்று இறங்கியது என்று எங்கள் வேலியோரம் லாரியை நிறுத்தியிருக்கிறார். என் சத்தம் கேட்டு, யாரோ பெண்ணைப் போட்டு அடிக்கிறார்கள் என்று டயர் கழற்றுகிற கம்பியோடு ஓடி வந்திருக்கிறார்.

“யாரும் அடிக்கல பாய். தண்ணி இல்ல. இது சாகப் போகுது” என்றேன்.

அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். கம்பியைக் கீழே போட்டார். “யா அல்லா” என்றார். அப்புறம், “தண்ணிக்கா இந்தக் கூவு கூவுன? ரோட்ல லாரி ஃபுல்லா தண்ணி கீதும்மா!” என்றார்.

சபையாரே, நான் கேட்டது தண்ணீர். வேலிக்கு அந்தப் பக்கம் அது ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது.

பாய் லாரியின் ரப்பர்க் குழாயை வேலி வழியாக இழுத்து வந்து தொட்டியை நிரப்பினார். “ஒரேயடியா குடுக்காத, தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா குடு” என்றார். எருமையை உடம்பு முழுக்க நனைத்து, அதை நிமிர்த்தி வைத்து இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகளை அண்டக் கொடுத்தோம். “நம்ம ஊட்லயும் எருமை இருந்துச்சி. கவுந்த மாடு எழுந்து நிக்கலன்னா பொழைக்காது. அதுதான் பேஜார்” என்றவர், போகிற வழியில் தாம்பரம் மாட்டாஸ்பத்திரியில் சொல்லிவிட்டும் போனார்.

சாயங்காலமே டாக்டர் வந்துவிட்டார். குளுக்கோஸ் ஏற்றினார். ஊதா நிற மருந்துத் தண்ணீரில் வாயையும் காலையும் கழுவச் சொன்னார். புழுவுக்கு மருந்து வைத்தார். “நோய் இதைச் சாய்க்கலம்மா. பட்டினியும் தாகமும்தான். நின்னுட்டா பாக்கலாம்” என்றார். நிச்சயமாக எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. ராகிக் கூழை ஆற வைத்துக் கையாலேயே ஊட்டியது, புண்ணைக் கழுவியது, அதைப் புரட்டிப் படுக்கவைத்தது, இவைதான் ஞாபகம். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுப் பசுவையும் கன்றையும் புதைக்கக் குழி வெட்டினார். வெட்டும்போது அழுதார். ஜெனிக்காக அவர் சத்தமாக அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இருவரும் அந்தக் குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதோம்.

பாஷா பாய் லோடுக்கு வரும்போதெல்லாம் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார். சாக்கைத் தைத்து எருமையின் வயிற்றுக்கடியில் கொடுத்து, மூங்கிலைப் போட்டு அவரும் என் வீட்டுக்காரரும் தூக்கிப் பார்ப்பார்கள். பின்னங்கால் கொஞ்சம் ஊன்றும். மடங்கும். பொத்தென்று விழும். “ஆண்டவரே, நிக்க வையும்” என்பேன். அழகான ஜெபமெல்லாம் என்னிடம் இல்லை. அந்த மூன்று வார்த்தைதான். அது விழ விழ நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நடுவில் கோவிந்தன் வந்தான். அவனைக் கண்டதும் அறையக் கையை ஓங்கினேன். அவன் கொட்டகையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கோமாரி வந்த மாட்டைத் தொட்டால் அந்த நோய் வீட்டுப் பிள்ளைகள் மேல் பாயும் என்று காலனியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மதுராந்தகம் பக்கம் மாமியார் வீட்டுக்கு ஓடியிருக்கிறான்.

“பயந்துட்டேன்க்கா. ரெண்டு புள்ளைங்க கீதுக்கா எனக்கு.”

ஓங்கிய கை இறங்கிவிட்டது. பிள்ளை விஷயத்தில் பயந்தவனை நான் எப்படி அடிப்பேன்? “போ. போய் ராகிக் கூழ் கிண்டி எடுத்துட்டு வா” என்றேன். அன்றிலிருந்து அவன் கொட்டகையை விட்டு நகரவில்லை.

பிறகு ஒரு காலை. நான் வாளியோடு உள்ளே நுழைந்தபோது எருமை தானாகவே முன்முட்டியை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கியது. ஒரு முன்னங்கால் நிமிர்ந்தது. அடுத்தது நிமிர்ந்தது. நாலு காலும் வெடவெடவென்று ஆடின, ஆனால் விழவில்லை. நின்று, தாராளமாக மூத்திரம் பெய்து, நாலு எட்டு நடந்து, தொட்டியில் தலையை விட்டுத் தானே தண்ணீர் குடித்தது. அல்லேலூயா சொல்ல வாய் வரவில்லை எனக்கு. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு “ஜெனி, ஜெனி” என்றே அழுதேன். பிள்ளையை அடக்கம் செய்த பிறகு அந்தப் பெயரை நான் உச்சரித்ததே இல்லை.

வேலூரிலிருந்து வந்த கண்ணப்பன் சார் பசு போனதற்கு வருத்தப்பட்டார். ஆனால் யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நாங்கள் தாம்பரம் திரும்பினோம். அடுத்த ஞாயிறு நான் சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். காபி விஷயத்தை அக்காமார் மறந்ததாகக் காட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கும் என் நன்றி. வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது யார் வீட்டிலாவது ஒருவர் படுத்துக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால், “யாராவது பாத்துக்குவாங்க” என்று நான் விடுவதில்லை. கதவைத் தட்டி உள்ளே போய்ப் பார்த்துவிடுகிறேன்.

என் பிள்ளையை ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரை அவர் சொல்லவில்லை. எருமைக்குத் தண்ணீர் அனுப்பியவர் என் பிள்ளைக்கு ஏன் அனுப்பவில்லை என்று நான் இப்போதும் கேட்கிறேன். ஆனால் சுவரைப் பார்த்துக் கேட்பதில்லை, அவரைப் பார்த்துக் கேட்கிறேன். அந்தக் கொட்டகையில் நான் கத்தியது அவருக்குக் கேட்டது. அது எனக்கு உறுதி.

உங்களில் யாராவது என்னைப் போல வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால், மரியாதையாக ஜெபிக்க வரவில்லையே என்று தயங்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள். திட்டத் தோன்றினால் திட்டுங்கள். அந்த மாடுகள் கத்தியவரைக்கும் உயிரோடு இருந்தன. நீங்களும் கத்துங்கள்.