பட்டியலின் கடைசியில் இருந்த வீடுகள்

ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு பட்டன் போன். எங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டர் அண்ணனை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அந்தப் போன்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஏரியூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஐந்து நாளுக்கு ஒரு முறை குடிநீர் வரும், அதுவும் இன்ன நேரமென்று கிடையாது. மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும் பெண்களுக்குத் தண்ணீர் வந்து போனதே தெரியாது. பெங்களூர் வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த நான், பெரிய மேதாவி மாதிரி, இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று கிளம்பினேன்.

சர்வர்லெஸ் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். நமக்கென்று தனியாகக் கம்ப்யூட்டர் வாங்கி ஓட்ட வேண்டியதில்லை. சிறு நிரலை எழுதி, இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுடில் ஏற்றிவிட்டால், கூப்பிடும்போது விழித்து, வேலையை முடித்து, மறுபடி படுத்துவிடும். வால்வைத் திறந்ததும் அண்ணன் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். நிரல் விழித்து, பட்டியலில் உள்ள எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, "தண்ணி வந்திருச்சுங்க" என்று சொல்லும். அது அண்ணனின் குரல்தான். அந்த இரண்டு வார்த்தையைப் பதிவதற்கு நான்கு முறை தொண்டையைச் செருமினார்.

பட்டியலைத் தயாரித்தது நான். முதலில் எங்கள் வீடு, பிறகு எங்கள் மேலத்தெரு, அப்புறம் நடுத்தெரு, கடைசியில் காலனி. இப்படி எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. கை தானாக அப்படிப் போனது. சோதித்துப் பார்த்ததும் அதே லட்சணம்தான். என் போன் அடித்தது, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் போனது. பிறகு எங்கள் தெருக்காரர்கள் மனைவி எண், மகன் எண் என்று சேர்க்கச் சொன்னார்கள். இத்தகைய நிரல் இத்தனை நொடிதான் ஓடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. நான் வைத்தது பழைய பட்டியலுக்கான வரம்பு. பட்டியல் நீள நீள, காலனியை எட்டும் முன்பே நிரல் நின்றுபோனது.

அண்ணனே காலனிக்காரர்தான். அவருடைய சனமே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் அவரை மறித்தது. "மேலத்தெருவுல அடிக்குது, எங்களுக்கு மட்டும் ஏன் அடிக்கல? பெரிய வூட்டுக்காரங்களுக்குக் காவடி தூக்கறியா?" என்று ஒரு அக்கா காலிக் குடத்தைத் தரையில் வைத்துக் கத்தினார். "நான் ஒரே ஒரு மிஸ்டு கால்தாங்க குடுக்கறேன்," என்றார் அண்ணன். உள்ளே உட்கார்ந்திருந்த என் பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் திரும்பினார். "கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கோளாறா தம்பி?"

அன்று காலைதான் நிரல் ஓடிய பதிவுகளைத் திறந்து பார்த்திருந்தேன். நேரம் முடிந்தது, நிறுத்தப்பட்டது என்று வரிசையாக அதே வரி. எனக்குத் தெரியும். அப்பா பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "சிஸ்டம் சரியாத்தான் ஓடுதுங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து வரம்பை உயர்த்தி மறுபடி ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை. அடுத்த முறை காலனியிலும் போன் அடித்தது. "மிரட்டினதும் புத்தி வந்திருச்சு பாரு," என்று ஊரே பேசியது. மறு மாதம் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு வேறொருவரை வைத்தார்கள். அண்ணனின் குரல் மட்டும் வெகுநாள் ஊருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தது.

சில வருடம் கழித்து, சேலம் போகும் வழியில் தொப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தேன். வெளியே கூட்டிப்போய், லாரி இரைச்சலுக்கு நடுவே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அதிரவில்லை.

"அன்னிக்கே தெரியும்ங்க தம்பி. எங்க வூடும் காலனியிலதானே இருக்குது? என் சம்சாரம் போனும்தான் அடிக்கல."

"அப்புறம் ஏண்ணா சொல்லல?"

"நான் சொன்னா எடுபடுமா? நீங்க சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தேன்."

ஊருக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அதன் பிறகு இரண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்துவிட்டேன். சொல்லவில்லை. ஊர்ப் பேரும் ஆள் பேரும் இல்லாமல் இங்கே எழுதுவது மட்டும் எவ்வளவு சுலபமாக வருகிறது.