கடையை மூடிவிட்டு வந்த பத்மா அக்கா

செய்தி வந்தபோது நான் ரொட்டி சானாய்க்கு மாவு வீசிக்கொண்டிருந்தேன். டயர் கடை ரவிதான் கூப்பிட்டார். "மகேன், பத்மாக்கா போயிட்டாங்கடா. ஹார்ட் அட்டாக். விடியக்காலையிலயே." கல்லில் கிடந்த ரொட்டி கருகியது. அன்று திங்கட்கிழமை. ஏழு மணிக்கு வரவேண்டிய அவர் குரல் வரவில்லை என்பதை அதுவரை நான் கவனிக்கவே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அலோர் காஜாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு எதிரே நகலெடுக்கும் போட்டோஸ்டெட் கடை வைத்திருந்தார். ஒற்றை ஆள். சிறுவியாபாரிகளான எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத் திங்கள்தோறும் ஒரு குரல்பதிவு அனுப்புவார். மனத்துக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று, கேட்க ஒன்று. பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கும். பாதிப் பேர் கேட்பார்கள். நான் குறை கண்டுபிடிக்கக் கேட்பேன்.

ஒருமுறை அவர் ஏதோ ஒரு பேச்சாளரின் உரையை அனுப்பியிருந்தார். வறுமை முதலில் மனத்தில்தான் இருக்கிறதாம். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க எஸ்டேட்ட வித்து எங்கள வெளிய அனுப்புனாங்களே, அது யார் மனசுலக்கா இருந்துச்சு? நாப்பது வருசம் ரப்பர் பால் வெட்டுன எங்கப்பாவுக்கு வீடு இல்லாம போனது மனசு சரியில்லாமலா?" என்று குழுவிலேயே கத்தி அனுப்பினேன்.

அடுத்த திங்கள் அவர் என் பதிவையே திரும்ப அனுப்பினார். "இந்த வாரம் கேக்க வேண்டியது இதுதான். போன வாரம் நான் அனுப்புனதுல இது இல்லாம போச்சு. தப்பு என்னோடது." பிறகு எனக்குத் தனியாக ஒன்று: "தம்பி, திட்டுனது சரி. அடுத்த தடவை மெதுவா திட்டு லா. பாதி வெளங்கல."

அதற்குப் பிறகு அவருடைய பட்டியல் மாறியது. கடைக்கு வருகிறவர்களிடம் "பின்பக்கமும் எடுக்கவா?" என்று கேட்பார். "வேணாங்க்கா, முன்னாடி போதும்" என்பார்களாம். அதிலிருந்து பிறந்தது ஒரு திங்கள் செய்தி. "இந்த வாரம் படிக்க வேண்டியது புத்தகம் இல்ல, உங்க கடை லைசென்ஸோட பின்பக்கம். எல்லாரும் அத ஃபிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கீங்க. எறக்குங்க. சாமி கோவிச்சுக்காது."

"பொட்டு வச்சிருக்கேனே பத்மா, அழிஞ்சிருமே!" என்றார் ஆப்பம் விற்கும் செல்வி அக்கா.

"திரும்ப வைங்கக்கா. ஊர்ல குங்குமமா தீர்ந்துபோச்சு?"

புக்கிட் காத்திலில் இருக்கும் என் கடையின் உரிமம் அப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்தபின் அதை அவர் படத்தோடு சேர்த்து மாட்டி, இரண்டுக்கும் பொட்டு வைத்திருந்தோம். வீம்பில் மூன்று நாள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் இறக்கிப் பின்பக்கத்தைப் படித்தேன். உரிமம் பெற்றவர் இறந்தால் ஆறு மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் உரிமம் செல்லாது. பதினொரு நாள் மிச்சம் இருந்தது. அந்தக் கடை போனால் அம்மாவுக்கும் தங்கைக்கும் எனக்கும் வேறு வழி கிடையாது.

சொன்னதும் பத்மா அக்கா கடையை மூடிவிட்டு என்னோடு உரிம அலுவலகத்துக்கு வந்தார். விண்ணப்பம் வாங்கும் முகப்பில் அம்மாவின் ஒப்புதல் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் மூடிவிட்டு வந்தார். அன்று வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது கேட்டேன், "இதுல மனசு எங்கக்கா வந்துச்சு? வெறும் பேப்பர்தானே?"

"அந்தப் பேப்பர் அஞ்சு மாசமா ஒன் தலைக்கு மேலதான தொங்குச்சு? ஏன்டா படிக்கல?"

அதற்குப் பதில் இப்போது சொல்கிறேன், அக்கா. பயம். அலுவலகக் காகிதம் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நில் என்று தலைமுறை தலைமுறையாக எங்களைப் பழக்கியிருந்தார்கள். அது பிறவிக் குணம் அல்ல. நீங்கள் சொன்னதும் நான் கத்தியதும் அந்த ஒரு இடத்தில் சந்திக்கின்றன.

அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. நன்றாகப் பேசுகிற எவரையும் எளிதில் நம்பிவிடுவார். நெஞ்சு வலிக்கிறது என்று போனபோது மருத்துவமனையில் கொடுத்த தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறார். கடையை மூடினால் அன்றைக்கு வருமானம் இல்லை. தனி ஆளாகப் பிழைப்பவருக்கு இந்த நாட்டில் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு ஏது? இதையும் மனநிலை என்று எவராவது மேடையில் சொன்னால் நான் எழுந்து நின்று கேட்பேன். எனக்காக இரண்டு நாள் கடையை மூடியவர், தனக்காக ஒரு காலை மூடவில்லை.

சுடுகாட்டில் எல்லோரும் அவர் தந்த ஊக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். அவருடைய நம்பிக்கை எனக்கு வரவில்லை, வராது. நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: தன் கடையை மூடிவிட்டு அடுத்தவருக்காக வரிசையில் நிற்கும் அவர் வழக்கம்.

போன வாரம் செல்வி அக்கா ஆப்பச்சட்டியைப் பிடித்தபடியே மூச்சு வாங்குவதாக ரவி கூப்பிட்டுச் சொன்னார். போய் நின்று, கிளினிக்குக்குப் போகலாம் என்றேன்.

"இப்பவா? யாவாரத்த யாரு லா பாப்பாங்க?"

"யாரும் பாக்க வேணாம். நானும் மூடிட்டுத்தான் வந்திருக்கேன். அடுப்ப அணைச்சிட்டு வண்டியில ஏறுங்க."

திட்டிக்கொண்டேதான் ஏறினார்.