கூப்பிட்ட சத்தத்துக்கு ஓடி வருகிறவர்

என்னோடு சேர்ந்து ஆண்டவரை நம்புகிற அன்பானவர்களுக்கு, சங்கரன்கோவிலிலிருந்து எட்வின் எழுதுகிறேன். ராஜபாளையம் ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஷைனி இன்று வேலைக்குப் போகிற பெண். அவள் ஆறாம் வகுப்பு படித்த காலத்தில் ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ஊரே ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு காலை. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிரேயரில் நின்ற பிள்ளை விழுந்துவிட்டாள் என்றார்கள். தெருவெல்லாம் பந்தலும் கூட்டமும். பைக்கை எங்கேயோ போட்டுவிட்டு ஓடினேன். டீச்சர் மடியில் கிடந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. வலிப்பு என்றார் டாக்டர்.

அதன்பின் அது எப்போது வரும் என்றே தெரியாது. சாப்பிடும்போது வரும். சிரித்துக்கொண்டிருக்கும்போது வரும். ஒருமுறை அடுப்புப் பக்கம் சாய்ந்து முழங்கையைச் சுட்டுக்கொண்டாள். மாத்திரை கொடுத்தோம், ஜெபித்தோம். நிற்கவில்லை.

அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டை இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் நின்று பார்ப்பேன். பக்கத்துத் தெருத் தறிகள் பகல் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலிலும் ஒரு தம்ளர் விழுந்தால் நானும் மனைவி மெர்சியும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவோம். பயந்து பயந்து வாழ்ந்த வீடுதான். ஆனால் நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததும் அங்கேதான்.

வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருவர் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தார். வலிப்பு வந்த மகனை ஒரு தகப்பன் இயேசுவிடம் கொண்டுவருகிற பகுதி. வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ விசுவாசிக்கக்கூடுமானால் ஆகும்னு ஆண்டவரே சொல்லுதாரு. ஒங்களுக்கு விசுவாசம் பத்தல, பிரதர். மாத்திரைய நிறுத்திட்டு நம்புங்க."

மெர்சி சமையலறையிலிருந்து வந்தாள். "மாத்திரைய நிறுத்த மாட்டோம் அண்ணாச்சி. டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

மாத்திரை நிற்கவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. என்னால்தான் பிள்ளைக்குச் சுகமில்லையோ? ஜெபிக்க முழங்கால் போட்டால், எனக்கு எவ்வளவு விசுவாசம் இருக்கிறது என்று என்னையே சோதித்துக்கொண்டிருப்பேன். வாய் வராது. அந்த அதிகாரம் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன்.

மெர்சியின் தங்கை ஜெபமலர் அப்போது இறையியல் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவளிடம் மெர்சி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். தன் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தான், 'கூடுமானால்'ங்கிற சொல்ல முதல்ல சொன்னது யாரு?"

"ஆண்டவருதான்."

"முந்தின வசனத்தப் பாருங்க. 'நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்'னு தகப்பன்தான் கேக்கான். பழைய கிரேக்கப் பிரதிகள்ல ஆண்டவரோட பதில்ல 'விசுவாசிக்க'ங்கிற சொல்லு அந்த எடத்துல கெடையாது. அவன் சொன்னதையேதான் திருப்பிச் சொல்லுதாரு. 'கூடுமானாலா? எங்கிட்டயா இப்படிக் கேக்க?'ங்கிற மாதிரி."

"அடுத்தாப்ல விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும்னு வருதே?"

"வருது. அதக் கேட்டு அவன் என்ன செய்தான்? விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்னு அழுதான். கொறய அவனே ஒத்துக்கிட்டான். போய் விசுவாசத்தோட வான்னு ஆண்டவர் வெரட்டினாரா அத்தான்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அந்த 'உதவிசெய்யும்' கிரேக்கத்துல பொயேத்தெயோ. பொயேன்னா கூப்பாடு. தெயோன்னா ஓடுறது. கூப்பாடு கேட்டு ஓடி வாறது. அவன் அதை ரெண்டு தடவ சொல்லுதான். பிள்ளைக்காகக் கேக்கும்போது, இப்ப வந்து உதவும்ங்கிற மாதிரி இருக்கு. தனக்காகக் கேக்கும்போது அதே வினைச்சொல்லோட வடிவம் மாறுது. உதவிக்கிட்டே இரும்ங்கிற மாதிரி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பார்க்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று மத்தியானம் வெகுகாலத்துக்குப் பிறகு வாய் திறந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, என்கிட்ட கொஞ்சம்தான் இருக்கு. நீர் ஓடி வாரும்." அவ்வளவுதான்.

அடுத்த வாரம் திருநெல்வேலியில் பெரிய டாக்டரைப் பார்க்க மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மானூர் தாண்டியதும் ஷைனிக்கு வந்துவிட்டது. வழக்கமாகச் சற்று நேரத்தில் அடங்கும். அன்று அடங்கவே இல்லை. உதடு நீலமானது. மெர்சி அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். நான் என்னை மறந்து கத்தினேன்.

"ஓடி வாரும்! ஆண்டவரே, ஓடி வாரும்!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். ஒரு நொடி யோசித்தவர், லைட்டைப் போட்டு ஹாரனில் கையை வைத்தார்.

"ஏ, ஸ்டாப்புல எறங்கணும்னு ஒருத்தரும் கேக்காதீங்க! நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்!"

ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தி, அந்த டிரைவரே இறங்கி என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆண்டவர் ஓடி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். ஊசி போட்டு வலிப்பை அடக்கினார்கள். ஸ்கேன் எடுத்து, மாத்திரையை மாற்றினார் பெரிய டாக்டர். அதற்குப் பிறகு இரண்டு முறை லேசாக வந்தது. பிறகு வரவே இல்லை. டாக்டர் சொன்ன காலம்வரை மாத்திரை சாப்பிட்டாள். ஷைனி இப்போது சிவகிரியில் டீச்சர். ஜெபமலர் ஊழியத்தில் இருக்கிறாள். அந்த டிரைவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் போனோமே என்று மெர்சி இன்றும் சொல்லுவாள்.

எனக்கு அன்றிலிருந்து ஜெபம் மாறிவிட்டது. என்னைச் சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கூப்பிடுகிறேன்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை, ஒரு படுக்கை, ஆறாத ஒரு துக்கம் இருக்கலாம். உங்களுக்கு விசுவாசம் போதாது என்று யாராவது சொல்லியிருக்கலாம். பாதி நம்பிக்கைதான் இருந்தால் அந்தப் பாதியோடு வாருங்கள். அழுகைதான் வருமென்றால் அழுதுகொண்டே வாருங்கள். மாற்கில் வருகிற தகப்பனும் அப்படித்தான் வந்தான். இயேசு அவன் மகனின் கையைப் பிடித்துத் தூக்கினார். பிள்ளை எழுந்து நின்றான்.